குறைந்தபட்சச் சம்பள உயர்வும் தோட்டப் பாட்டாளியும்

தை கழிந்து மாசி பிறக்கும் வேளையில் கெடா மாநிலத் தோட்டங்களில் பால்மரங்கள் இலையுதிர்க்கத் தொடங்குகின்றன. ஆண்டின் முதல் மாதங்களில் வடபகுதியில் வறட்சி நிலவுவதால், தென் மாநிலங்களைக் காட்டிலும் இங்கு இலையுதிர் காலம் தெளிவாகத் தெரியும். புதுத் தளிர் விட்டு மரம் தேறும் வரையில் பால் குறைந்தே காணப்படும். ஆனால், விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் செல்லும் தொழிலாளியின் உழைப்பு குறைவதில்லை. அதே மரங்கள், அதே நடை, அதே வெட்டு. வாளியில் சேரும் பால் மட்டுமே குறைகிறது.

பாலின் எடைக்கேற்பக் கூலி பெறுவோரின் வீட்டில் இம்மாதங்களின் வருமானக் குறைவு உடனே உணரப்படும். பள்ளிக்கூடம் திறந்து பிள்ளைகளின் செலவு மிகுந்திருக்கும் நேரமும் பெரும்பாலும் இதனையொட்டியே வருகிறது. ஆகவே, குறைந்தபட்சச் சம்பளம் என்பதன் உண்மைப் பொருளை, பால் நிறைந்த மாதத்தைவிட இத்தகைய நலிந்த மாதத்தில்தான் நன்கு உணர முடியும்.

2025ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் முதல் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. இவ்வுயர்வு தோட்டப் பாட்டாளிகளின் வாழ்வில் விளைவிப்பது என்ன? வேலை வாய்ப்பு குறையுமா? உயர்ந்த தொகை முழுமையாகக் கைக்கு வந்து சேருமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடந்து வந்த பாதை

உழைப்புக்கு ஓர் அடித்தளச் சம்பளம் வேண்டும் என்னும் கருத்து புதியதன்று. நியூசிலாந்து நாடு 1894ஆம் ஆண்டிலேயே இதற்கு வழி செய்யும் சட்டம் இயற்றியது. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1928ஆம் ஆண்டில் இதுபற்றி ஓர் ஒப்பந்தத்தை ஏற்றது.

மலாயாத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்களுக்கு 1920களின் பிற்பகுதியில் ஒரு நிலையான கூலி வகுக்கப்பட்டது. போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு; பெண்ணுக்கு 40 காசு. 1930ஆம் ஆண்டில் இரப்பர் விலை சரிந்தபொழுது இவை முறையே 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டன. விலை வீழ்ந்தால் அடித்தளமும் சேர்ந்து வீழ்ந்தது. பெண்ணின் உழைப்புக்கு மதிப்பும் குறைவாக இருந்தது. இவ்விரு குறைகளையும் வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1947ஆம் ஆண்டில், பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர் கிளர்ச்சிகள் எழுந்தன, உயிர்ப்பலியும் நேர்ந்தது. அதே ஆண்டில் சம்பள மன்றங்கள் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும், கடை ஊழியர், தங்கும் விடுதி ஊழியர், திரையரங்க ஊழியர், பினாங்குத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குவோர் முதலிய சில பிரிவினருக்கே அச்சட்டத்தின் வழி சம்பளம் நிர்ணயிக்கப்பட்டது. தோட்டங்களைப் பொறுத்த வரையில், 1954ஆம் ஆண்டில் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் முதலாளிமார் சங்கமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தங்களே சம்பளத்தை முடிவு செய்தன. பால்வெட்டுக் கூலி இரப்பர் விலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. எனவே, மாதச் சம்பளம் வேண்டும் என்னும் கோரிக்கை தோட்டப்புறங்களில் நெடுங்காலம் ஒலித்து வந்தது.

2011ஆம் ஆண்டில் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் நிறைவேறியது. அதன் வழி, 2013ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கித் தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 ரிங்கிட் என்னும் அடித்தளம் நடைமுறைக்கு வந்தது. சிறு முதலாளிமார்களுக்கு மட்டும் ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. பின்னர் அத்தொகை 2016 ஜூலையில் 1,000 ரிங்கிட்டாகவும், 2019 ஜனவரியில் 1,100 ரிங்கிட்டாகவும் உயர்ந்தது. 2020 பிப்ரவரியில் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளுக்கு மட்டும் 1,200 ரிங்கிட் என வகுக்கப்பட்டது. ஏனைய இடங்களில் 1,100 ரிங்கிட்டே நீடித்தது. 2022 மே மாதம் 1,500 ரிங்கிட் அறிவிக்கப்பட்டபொழுது நகரம், நாட்டுப்புறம் என்ற இவ்வேறுபாடு நீங்கியது. இறுதியாக 1,700 ரிங்கிட் உத்தரவு, ஐவர் அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியரை வைத்திருப்போருக்கு 2025 பிப்ரவரியிலும், ஐவருக்கும் குறைவாக வைத்திருப்போருக்கு 2025 ஆகஸ்டு முதல் நாளிலும் நடப்புக்கு வந்தது.

இச்சட்டத்தில் ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. உள்நாட்டவர், அந்நியத் தொழிலாளர் என்ற வேறுபாடும் இல்லை. இரப்பர் விலை இறங்கினால் அடித்தளமும் இறங்கும் என்ற விதியும் இல்லை. முன்னைய முறையின் குறைகள் இவ்வாறு நீக்கப்பட்டுள்ளன.

இலையுதிர் மாதக் கணக்கு

மாதச் சம்பளம் பெறுவோருக்கு 1,700 ரிங்கிட் என்பது அடிப்படைச் சம்பளமாகும். மிகைநேரப் பணிக்குரிய ஊதியத்தையும் படிகளையும் கூட்டித்தான் 1,700 ரிங்கிட் நிறைவு செய்யப்படுகிறது என்றால் அது முறையாகாது. வாரத்தில் ஆறு நாள் வேலை செய்யும் நாட்கூலித் தொழிலாளிக்கு இது நாளொன்றுக்கு 65 ரிங்கிட் 38 காசு ஆகிறது. மணிக்கணக்கில் வேலை செய்வோருக்கு மணிக்கு 8 ரிங்கிட் 72 காசு.

பாலின் எடைக்கோ, செம்பனைக் குலையின் அளவுக்கோ, முடித்த பணிக்கோ ஏற்பக் கூலி பெறுவோரின் நிலை என்ன? இவர்களுக்கும் மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டுக்குக் குறையலாகாது என்று உத்தரவு கூறுகிறது. தோட்ட மக்கள் நன்கு அறிந்திருக்க வேண்டிய விதி இதுவே.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பாடாங் செராய் வட்டாரத்தில் ஓர் அம்மையார் பால்வெட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் மாதத்தில் அவர் வெட்டிய பாலுக்குரிய கூலி 1,950 ரிங்கிட். அதனை அவர் முழுமையாகப் பெறுவார். பிப்ரவரி மாதத்தில், தவறாமல் வேலைக்கு வந்தும், இலையுதிர்வின் காரணமாகக் கூலி 1,240 ரிங்கிட்டாகவே முடிகிறது. அப்பொழுது முதலாளி மேலும் 460 ரிங்கிட் சேர்த்து 1,700 ரிங்கிட்டாக வழங்க வேண்டும். நவம்பரில் மிகுதியாகப் பெற்றதைக் காட்டி, இரு மாதங்களையும் சராசரி பார்க்க இயலாது. உத்தரவு மாதச் சம்பளம் என்றே கூறுவதால் கணக்கும் மாதந்தோறும் பார்க்கப்பட வேண்டும். ஆனால், அனுமதியின்றி வேலைக்கு வராத நாள்களுக்குச் சம்பளத்தில் குறைவு ஏற்படும் என்பதையும் தொழிலாளர் மறத்தலாகாது.

மழை நாள்களைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். வேலை செய்த நாள்களின் எண்ணிக்கைப்படி சம்பளம் பெறும் தோட்டத் தொழிலாளிக்கு மாதத்தில் 24 நாள்களுக்குக் குறையாமல் வேலை தரப்பட வேண்டும் என்று 1955ஆம் ஆண்டு வேலை வாய்ப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு கூறுகிறது. தொழிலாளி வேலைக்கு ஆயத்தமாக இருந்தும் முதலாளியால் வேலை தர இயலவில்லையெனின், அந்நாள்களுக்கும் சம்பளம் உண்டு. இன்றைய நாட்கூலிப்படி 24 நாள்களுக்கு 1,569 ரிங்கிட் 12 காசு வருகிறது.

உயர்வின் பயன்கள்

900 ரிங்கிட்டிலிருந்து 1,700 ரிங்கிட் என்பது பன்னிரண்டு ஆண்டுகளில் 89 விழுக்காட்டு உயர்வாகும். இதே காலத்தில் நாட்டின் பொது விலைவாசி ஏறத்தாழக் கால் பங்கு உயர்ந்தது. உணவுப் பொருள்களின் விலை அதனினும் மிகுதியாக ஏறியது. தோட்டக் குடும்பத்தின் செலவில் உணவுக்கே பெரும்பங்கு செல்கிறது. அதனையும் கழித்துப் பார்த்தால்கூட, சம்பள உயர்வு விலைவாசியை முந்தியே சென்றிருக்கிறது.

கையில் வாங்கும் தொகையோடு பயன் முடிந்துவிடுவதில்லை. 1,500 ரிங்கிட் சம்பளத்தில் தொழிலாளியின் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்து மாதம் 360 ரிங்கிட் ஊழியர் சேமநிதியில் சேர்ந்தது. 1,700 ரிங்கிட்டுக்கு அது 408 ரிங்கிட்டாகிறது. ஆண்டுக்கு 576 ரிங்கிட் கூடுதலாகச் சேர்கிறது. வேலையை விட்டு நிற்கும் வயதில், தோட்டத்து வீட்டையும் விட வேண்டிய நிலையில், இத்தொகையின் அருமை விளங்கும். இக்காரணத்தால், 200 ரிங்கிட் உயர்வில் 22 ரிங்கிட் சேமநிதிக்குச் செல்வதைக் கண்டு வருந்த வேண்டியதில்லை.

மாதச் சம்பளக்காரரின் மிகைநேர ஊதியமும் உயர்கிறது. சாதாரண நாளில் ஒரு மணி நேர மிகைப்பணிக்கு 1,500 ரிங்கிட் சம்பளத்தில் 10 ரிங்கிட் 82 காசு கிடைத்தது; 1,700 ரிங்கிட் சம்பளத்தில் 12 ரிங்கிட் 26 காசு கிடைக்கும்.

மற்றொரு பயனும் உண்டு. அந்நியத் தொழிலாளருக்கும் இதே அடித்தளம் உரியதாகையால், மலிவான கூலிக்கு ஆள் கிடைக்கும் என்பதற்காக உள்ளூர்த் தொழிலாளியை ஒதுக்கும் வழக்கத்துக்கு ஒரு தடை ஏற்படுகிறது.

வேலை வாய்ப்புக் குறையுமா?

சம்பளம் உயர்ந்தால் முதலாளிகள் ஆள்களைக் குறைப்பார்கள் என்னும் அச்சம் எங்கும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1992ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்ந்தது. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்னும் இரு பொருளியலறிஞர்கள் அங்குள்ள துரித உணவகங்களை, சம்பளம் உயராத அண்டை மாநிலமாகிய பென்சில்வேனியாவின் உணவகங்களோடு ஒப்பிட்டு, வேலை வாய்ப்பு குறையவில்லை என்று 1994ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதனை மறுத்து எழுதிய அறிஞர்களும் இருந்தனர். கார்டுக்கு 2021ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நம் நாட்டிலும் 2013ஆம் ஆண்டுக்குப் பின் வந்த சில ஆண்டுகளில் வேலையில்லாதோர் விகிதம் 3 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. பெரும் வேலையிழப்பு நேரவில்லை.

எனினும், உணவகமும் தோட்டமும் ஒன்றல்ல. சுங்கை பட்டாணியில் உணவுக் கடை வைத்திருப்பவர் சம்பளச் செலவு உயர்ந்தால் தோசையின் விலையைச் சிறிது உயர்த்தலாம். தோட்ட நிர்வாகமோ இரப்பர் விலையைத் தானே உயர்த்த முடியாது. அது தாய்லாந்து, இந்தோனேசியா முதலிய நாடுகளும் போட்டியிடும் உலகச் சந்தையில் முடிவாகிறது. ஆதலின், செலவை ஈடுசெய்யத் தோட்டங்கள் வேறு வழிகளை நாடுகின்றன. மரத்தை வெட்டும் நாள்களுக்கு இடையே இடைவெளி கூட்டப்படுகிறது. பால் சுரப்பைத் தூண்டும் மருந்து பூசப்படுகிறது. ஒருவருக்குரிய மரங்களின் எண்ணிக்கை உயர்கிறது. பால்மரம் வீழ்த்தப்பட்டுச் செம்பனை நடப்படுகிறது. செம்பனையில் குலை வெட்ட விசைக் கருவிகளும், குலையை ஏற்ற இயந்திரங்களும் வருகின்றன.

இம்மாற்றங்களுக்குச் சம்பள உயர்வு ஒன்றே காரணமன்று. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்கும் சுங்கை பட்டாணியிலும் உள்ள தொழிற்சாலைகளுக்கு இளைஞர் செல்வதால், தோட்டங்கள் ஆள் பற்றாக்குறையையும் எதிர்நோக்குகின்றன. நல்ல சம்பளம் தராத தோட்டத்தில் உள்ளூர் இளைஞர் நிற்கமாட்டார். எனவே, அடித்தளச் சம்பளம் வேலையை அழிப்பதைவிட, வேலையின் தன்மையை மாற்றுகிறது என்று கூறுவதே பொருந்தும். இயந்திரத்தை இயக்கவும் பழுது பார்க்கவும் பயின்றவருக்கு இடம் உண்டு. பயிலாதவருக்கு நெருக்கடி உண்டு. தொழிற்பயிற்சியின் தேவை இங்குதான் எழுகிறது.

உயர்வு கரையும் வழிகள்

சட்டத்தில் உயர்ந்த தொகை, தொழிலாளியின் கைக்கு வருமுன் கரைந்துபோகவும் கூடும். இலங்கை மலையகத்தில் நிகழ்ந்ததை எடுத்துக்கொள்வோம். அங்கே 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அதன் பின்னர், ஒரு நாள் பெயருக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் எடை உயர்த்தப்பட்டதாகவும், அவ்வெடையை எட்டாதோருக்கு அரைப்பேர் மட்டுமே போடப்பட்டதாகவும், வேலைநாள்கள் குறைக்கப்பட்டதாகவும் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. சம்பள விகிதம் உயர்ந்தும் மாத முடிவில் கிடைத்த தொகை பலருக்கு எதிர்பார்த்த அளவு உயரவில்லை.

நம் சட்டம் மாதச் சம்பளத்துக்கே அடித்தளம் வகுத்திருப்பதால் இவ்வகைக் கரைவுக்கு ஓரளவு காப்பு உண்டு. ஆயினும், மூன்று இடங்களில் கவனம் தேவை. முதலாவது, வேலை அளவு. ஒருவருக்குரிய மரங்கள் கூட்டப்பட்டால் அதனைத் தொழிற்சங்கத்தின் வழி பேசித் தீர்க்க வேண்டும். இரண்டாவது, படிகள். முன்பு தனியாக வழங்கப்பட்ட படியை அடிப்படைச் சம்பளத்தில் சேர்த்துவிட்டால், உயர்வில் ஒரு பகுதி தொழிலாளி ஏற்கெனவே பெற்றுவந்த பணமாகவே இருக்கும். மூன்றாவது, கழிவுகள். சட்டம் அனுமதித்தவை அன்றி வேறு எதனையும் சம்பளத்தில் பிடித்தல் கூடாது.

நீண்ட காலம் உழைத்தவரின் மனக்குறையையும் குறிப்பிட வேண்டும். இருபது ஆண்டுகள் பணியாற்றி 1,650 ரிங்கிட் பெற்றவரும், நேற்று வேலைக்கு வந்து 1,500 ரிங்கிட் பெற்றவரும் 1,700 ரிங்கிட் என்ற ஒரே நிலைக்கு வந்துவிடுகின்றனர். அனுபவத்துக்குரிய வேறுபாட்டைச் சட்டம் வகுத்துத் தரவில்லை. அதனைக் கூட்டு ஒப்பந்தத்தின் வழிதான் பெற முடியும். குறைந்தபட்சச் சம்பளம் வந்துவிட்டதால் தொழிற்சங்கத்தின் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவது தவறாகும். சட்டம் போடுவது தரை. அதன் மேல் சுவர் எழுப்புவது பேச்சுவார்த்தையே.

சட்டத்தின் நிழல் படாதோர்

கெடா மாநிலத்தில் இரப்பர்ச் சிறுதோட்டங்கள் மிகுதி. அங்கே பிறருடைய மரத்தை வெட்டி, பாலை விற்ற பணத்தை உரிமையாளரோடு பங்கிட்டுக்கொள்வோர் பலர். இவர்களுக்குச் சம்பளம் என்று ஒன்றில்லை. பங்கு மட்டுமே உண்டு. முதலாளி, தொழிலாளி என்ற ஒப்பந்தம் இல்லாத இடத்தில் குறைந்தபட்சச் சம்பள உத்தரவு செல்லாது. இலையுதிர் மாதத்தின் இழப்பை இவர்கள் முழுமையாகத் தாமே தாங்க வேண்டியவராகின்றனர். வீட்டுப் பணியாளரும் இவ்வுத்தரவுக்கு உட்பட்டவர் அல்லர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வரும் நிலையில், சம்பளத் தொழிலாளியாக இருந்தவர் பங்கு வெட்டுக்கு மாறும்பொழுது இழப்பது எதுவென்பதை முன்னரே அறிந்திருத்தல் நலம். குத்தகைக்காரரிடம் வேலை செய்வோரோ தொழிலாளர்களே ஆவர். சம்பளம் தருபவர் தோட்ட நிர்வாகமாயினும் குத்தகைக்காரராயினும் அடித்தளம் ஒன்றே.

தொழிலாளர் செய்ய வேண்டியவை

மாதந்தோறும் சம்பளச் சீட்டைக் கேட்டுப் பெறுதல் முதல் கடமையாகும். சம்பளக் காலம் முடிந்த ஏழு நாள்களுக்குள் சம்பளம் வழங்கப்பட வேண்டும் என்பது சட்டம். சீட்டில் வேலைநாள்கள் எத்தனை, எடை எவ்வளவு, கழிவுகள் யாவை என்று பார்க்க வேண்டும். வீட்டில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்து, அன்றன்று வெட்டிய பாலின் எடையையும் வேலைக்குச் சென்ற நாளையும் குறித்து வருதல் மிகவும் பயன் தரும். எழுதப் படிக்கத் தயங்கும் பெற்றோருக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் இதில் உதவலாம். ஐந்தாம் வகுப்பில் கற்ற பெருக்கலும் கூட்டலுமே இதற்குப் போதும்.

கணக்கில் குறை காணப்பட்டால், முதலில் தோட்டக் கிராணியிடமோ நிர்வாகியிடமோ அமைதியாகக் கேட்க வேண்டும். பல தவறுகள் அங்கேயே திருத்தப்பட்டுவிடும். பயனில்லையெனின் தொழிற்சங்கக் கிளையை நாடலாம். தொழிலாளர் இலாகாவிலும் முறையிடலாம். முறையீட்டை விசாரித்து முடிவளிக்கும் அதிகாரம் வேலை வாய்ப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவில் அவ்விலாகாவுக்கு வழங்கப்பட்டுள்ளது. குறைந்தபட்சச் சம்பளம் தராத முதலாளிக்கு ஒவ்வொரு தொழிலாளியின் பொருட்டும் 10,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கப்படலாம். குறைவாகக் கொடுத்த தொகையைக் கொடுக்குமாறும் நீதிமன்றம் ஆணையிடலாம்.

ஈராண்டுகளுக்கு ஒருமுறையேனும் இச்சம்பளம் மறுஆய்வு செய்யப்பட வேண்டும் என்று சட்டம் விதித்துள்ளது. தொழிலாளர் தரப்பும் முதலாளிமார் தரப்பும் அமர்ந்து பேசும் அம்மன்றத்துக்குத் தோட்டத்தின் உண்மை நிலை தெரிய வேண்டுமானால், தோட்டத்திலிருந்து சரியான கணக்குகள் செல்ல வேண்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் கூறிய அறிவுரை. ஆலைக்குச் செல்லும் பாலை நாள்தோறும் அளந்து கொடுக்கிறோம். அதற்கீடாகக் கைக்கு வரும் சம்பளத்தையும் அவ்வாறே அளந்து வாங்கப் பழகிக்கொள்ள வேண்டும். அவ்வாறு பழகிய குடும்பத்தில், அடுத்த மாசியில் இலைகள் உதிரும்பொழுதும் அடுப்பு அணையாது.